ஹோல்டர் மாட்டிக்கொண்டு தறிக்குப் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. குமாரபாளையத்தில் சொந்தமாகத் தறி ஓட்டுகிறார். திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது என்பதால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்னப் பெட்டியான ஹோல்டர் மானிட்டரை 24 மணி நேரத்துக்கு மாட்டிவிட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய இடமெல்லாம் அரிப்பு, ஒயர் சிக்கிக்கொண்டு தூக்கமும் இல்லை. நடுராத்திரியில் பிய்த்து வைத்துவிட்டார். இப்போது 48 மணி நேரம் மாட்டச் சொல்கிறார் டாக்டர். அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். என்ன செய்வதுங்க?

பதில்: அவரைக் குறை சொல்ல முடியாதுங்க அம்மிணி. ஒட்டிவிட்டு "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள், வீட்டில் எப்படி இருப்பது என்று விளக்க யாருக்கும் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண ஈசிஜியில் பதிவாவது பத்து விநாடிதான். ஒரு நாளைக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. எப்போதோ வந்து போகும் படபடப்பு அந்தப் பத்து விநாடிக்குள் வந்து மாட்டுமா? அதனால்தான் இந்தப் பெட்டி. அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் 1940-களின் கடைசியில் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் சிரிப்பார்.

அரிப்புக்கு வருவோம். மாட்டப் போகும் அன்று காலையில் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம், திருநீறு எதுவும் பூசாமல் போகட்டும். இவை இருந்தால் ஸ்டிக்கர் சரியாக ஒட்டாது, ஓரம் கிளம்பும், கிளம்பிய ஓரம்தான் நமநமவென்று இருக்கும். நெஞ்சு முடியை வறட்டு ரேசரில் மழித்துவிட்டு ஒட்டினால் தோல் எரியும். டிரிம்மரில் எடுக்கச் சொல்லுங்கள். போன தடவை அரித்தது என்பதை டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், ஒவ்வாமை குறைவான ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பார், இடத்தையும் சற்றுத் தள்ளி ஒட்டுவார். அரிக்கும்போது சொறிந்தால் பதிவிலும் அது கிறுக்கலாக விழும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஸ்டிக்கரைச் சுற்றி ஒத்தி எடுத்தால் போதும். கழற்றிய பிறகு சிவப்புத் தடம் ஓரிரு நாள் இருப்பது சகஜம். கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால் போன் செய்து கேளுங்கள்.

ஒயர் விஷயத்தில் ஒரு சின்ன வேலை செய்தால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் இரண்டு விரல் தள்ளி ஒயரை ஒரு வளையமாக விட்டு, அதன்மேல் காகிதப் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். இழுபட்டால் பிளாஸ்திரி இழுபடும், ஸ்டிக்கர் அசையாது. மேலே இறுக்கமான பனியன், அதற்கும் மேலே முன்னால் பட்டன் வைத்த சட்டை. பெட்டி லுங்கி முடிச்சில் நிற்காது. சந்தைக்குப் போகிறவர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட் வீட்டில் இருந்தால் அதன் பையில் வைத்துக்கொள்ளலாம்.

தறிக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. நிறையப் பேர் லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்கிறார்கள். ரிப்போர்ட் சுத்தமாக வரும், படபடப்பு மட்டும் அகப்படாது. வழக்கமான நாள் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். ஆனால் ஒயர் ஒன்றுகூடச் சட்டைக்கு வெளியே தொங்கக் கூடாது, ஓடும் தறியில் சிக்கினால் ஆபத்து. ஸ்டிக்கர் ஓரத்தில் பஞ்சு போய் ஒட்டிக்கொள்ளும், அதற்கும் பனியன்தான் காவல். சித்திரை வெயிலில் வேர்வைக்கே ஸ்டிக்கர் கழன்றுவிடும், துண்டால் அடிக்கடி ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கழன்றுவிட்டால் பதற வேண்டாம். அழுத்தி ஒட்டுங்கள், ஒட்டாவிட்டால் உபரி ஸ்டிக்கரை மாற்றி, நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு ஸ்டிக்கர் கூடுதலாகக் கேட்டு வாங்கி வருவது நல்லது.

குளியல் கிடையாது. கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். ராத்திரி கயிற்றுக் கட்டில் வேண்டாம், ஒயர் பின்னலில் மாட்டும். மல்லாந்து படுத்து, பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் ஒயர் தளர்வாக இருக்கும்படி வைத்துக்கொள்ளட்டும். புரண்டால் பெட்டியும் கூடவே வரட்டும். செல்போன் தலைமாட்டில் வேண்டாம், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

குறிப்பு எழுதுவதைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் பதிவுக்குச் சமமான மதிப்பு அதற்கும் உண்டு. "சாயங்காலம் 4.20. அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். படபடப்பு, ஒரு நிமிஷம்." இவ்வளவுதான். பெட்டியில் பட்டன் இருந்தால் அதையும் அழுத்த வேண்டும். டீ, மாத்திரை, மாடிப்படி, சண்டை எல்லாம் எழுதலாம். அப்பா எழுத மாட்டார் என்றால் உங்களுக்குப் போனில் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஹோல்டர் பதிவு மட்டும்தான் செய்யும், அந்த நேரத்தில் அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் "மெஷின்தான் இருக்கிறதே" என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இதைப் படிக்கும் பெண்களுக்கு: தாலிக்கொடி ஸ்டிக்கரில் உரசாமல் மேல்துணிக்கு வெளியே இருக்கட்டும், முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ நைட்டியோ வசதி.

இத்தனைக்கும் அப்பா சம்மதிக்கவில்லை என்றால், ஒயரே இல்லாமல் மார்பில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் வகையும் இருக்கிறது. சில மாடல்கள் 14 நாள் வரை பதிவு செய்யும். செலவு கூடுதலாக ஆகலாம். பசை அதிலும் உண்டு, அரிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவருக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.