இந்தி மருத்துவப் பேச்சுக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டும் போதுமா?

லக்னோவில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர், ஆங்கிலச் சொற்களை வைத்தே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சமாளிக்கலாம். டாக்டர், ஆபரேஷன், ரிப்போர்ட், பிபி, சர்க்கரை நோய்க்கு ஷுகர் எல்லாம் அங்கே அன்றாடப் பேச்சுதான், அந்த நோய்க்கான இந்திச் சொல் மதுமேஹ் என்பதைச் சுவரொட்டியில்தான் அதிகம் பார்ப்பீர்கள். 2022-ல் மத்தியப் பிரதேச அரசு இந்தியில் வெளியிட்ட எம்பிபிஎஸ் பாடநூல்களே ஆங்கிலக் கலைச்சொற்களைப் பெரும்பாலும் தேவநாகரியில் அப்படியே எழுதிவிட்டன.

நம்மை மாட்டிவிடுவது இந்தியின் ஆண்பால், பெண்பால் வேறுபாடுதான்; உயிரற்ற பொருளின் பெயருக்கும் பால் உண்டு, அதற்கேற்ப வினையும் மாறும். பிபி ஆண்பால், அதனால் 'பிபி பட் கயா' (பிபி கூடிவிட்டது), ஷுகர் பெண்பால், 'ஷுகர் பட் கயீ'. ரிப்போர்ட்டும் பெண்பால், ஆபரேஷன் ஆண்பால். இதற்கு உருப்படியான விதி எதுவும் கிடையாது, அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் வினையோடு சேர்த்தே படியுங்கள்: இஞ்செக்ஷன் லக்வானா (ஊசி போட்டுக்கொள்வது), எக்ஸ்ரே கர்வானா (எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது) என்று.

அப்புறம், நோயாளி தன் உபாதையைச் சொல்லும்போது ஆங்கிலம் காணாமல் போய்விடும். குமட்டலுக்கு 'ஜீ மச்லானா', தலைசுற்றலுக்கு 'சக்கர் ஆனா', படபடப்புக்கு 'கப்ராஹட்', பேதிக்கு 'தஸ்த்'. முதலில் இவற்றைப் படியுங்கள்.