லேப்ரடாரா, சிப்பிப்பாறையா?

கேள்வி: காட்பாடியில் தனி வீடு, ஐந்தடி மதில். நானும் கணவரும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவோம். பகலில் மூட்டு வலியோடு மாமியார் மட்டும்தான். ஒன்பது வயது மகன் லேப்ரடார் நாய் கேட்கிறான், கணவருக்குச் சிப்பிப்பாறை மேல் ஆசை. எதை வளர்க்கலாம் சார்?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: மகன் ஆசை, கணவர் ஆசை இரண்டையும் எழுதிவிட்டீர்கள், மாமியார் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லையே அம்மா. பகல் முழுக்க நாய் அவரோடுதான் இருக்கப்போகிறது. முதலில் அவரைக் கேளுங்கள்.

லேப்ரடார், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழி வந்தது. அதன் இரண்டு அடுக்கு ரோமம் அந்தக் குளிருக்கு ஏற்றது, நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்கு இல்லை. எங்கள் வீட்டில் இருந்த லேப்ரடார் மே மாதத்தில் பத்து மணிக்கே குளியலறைக்குள் போய், வயிறு தரையில் ஒட்ட நான்கு காலையும் பரப்பிப் படுத்துவிடும், பொழுது சாயும்வரை எழுந்திருக்காது. முடியும் கொட்டிக்கொண்டே இருக்கும், தினமும் பெருக்க வேண்டும். தீனியில் அதற்குப் போதும் என்பதே கிடையாது, பாட்டி பாசத்தில் இட்லியைப் பிட்டுப் பிட்டுப் போட்டால் ஒரே வருடத்தில் உருண்டுவிடும், அப்புறம் இடுப்பு மூட்டுத் தொந்தரவு வேறு.

சிப்பிப்பாறை தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் துரத்திய நாய். ஒட்டிய ரோமம், ஒல்லி உடம்பு, லேப்ரடாரை விட நன்றாக வெயில் தாங்கும். நன்றாக ஓடவிட்டுக் கூட்டி வந்தால் வீட்டில் இருக்கிற இடமே தெரியாது. ஆனால் அது கண்ணால் வேட்டையாடும் இனம். எதிரே ஒன்று ஓடினால் போதும், நாம் கூப்பிடுவது காதில் விழாது. என்னிடம் ஒன்று இருந்தது. ஒருநாள் விடிகாலையில் கேட்டைத் தாழ் போடாமல் பால் வாங்கிக்கொண்டிருந்தேன், தெருவில் ஒரு பூனை ஓடியது, என் கால் இடுக்கில் புகுந்து போனதுதான், மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுவிட்டது. தப்பு என்னுடையது. ஆறு வருடமாகியும் கேட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஐந்தடி மதில் அதற்குப் பெரிய தடையே இல்லை, பள்ளி விட்டு ஓடிவரும் பையன் தினமும் கேட்டைச் சாத்துவான் என்றும் நம்ப முடியாது. இப்போதைக்குச் சிப்பிப்பாறை வேண்டாம்.

லேப்ரடாரே வளருங்கள், ஆனால் குட்டி வேண்டாம். குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை தீனி, அது போகிற இடமெல்லாம் குனிந்து துடைக்க வேண்டும், மூட்டு வலிக்காரரால் ஆகாது. வீடு மாற்றுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் இரண்டு மூன்று வயது லேப்ரடாரை வளர்க்க ஆள் தேடுவது உண்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். ஆள் மேல் தாவாத நாயாக இருக்க வேண்டும், முப்பது கிலோ நாய் பாசத்தில் தாவினாலும் உங்கள் மாமியார் விழுந்துவிடுவார். வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், வருடா வருடம் விடாமல் போடுங்கள். கோடையில் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நாய் இல்லாமலேயே உங்கள் கணவரும் மகனும் ஒரு மாதம் காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடக்கட்டும். வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது, அதனால் அந்த விடிகாலை நேரத்தை விட்டால் வேறு வழியில்லை. பாதியில் விட்டுவிட்டார்கள் என்றால் நாய் பேச்சையே எடுக்காதீர்கள். முடித்துவிட்டார்கள் என்றால் சரி, நாய் பார்க்கப் போங்கள், உங்கள் அத்தையையும் அழைத்துக்கொண்டு. அவர் பக்கத்தில் அது அமைதியாக வந்து உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.