மாப்பிள்ளை அமெச்சூரா, இல்லையா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. தோட்டத்து ஓரத்திலும் அதற்குக் கீழே உள்ள புல்வெளியிலும் ஒன்பது கூடை வைத்து டிஸ்க் கோல்ஃப் (பந்துக்குப் பதில் தட்டு மாதிரி டிஸ்க்கை வீசி, குறைந்த வீச்சில் கூடையில் போடுகிற ஆட்டம்) ஆடுகிறோம், வருடத்துக்கு ஒரு போட்டியும் நடத்துகிறேன். ஓப்பன் பிரிவுக்குப் பணப் பரிசு, அமெச்சூர் பிரிவுக்குக் கப்பும் ஒரு டிஸ்க் பையும். இந்த முறை அமெச்சூரில் ஒரே ஒரு வீச்சு வித்தியாசத்தில் ஜெயித்தது என் தங்கை வீட்டுக்காரர். தோற்றது என்னோடு பள்ளியிலிருந்து படித்த நண்பன், ஊட்டியில் கோல்ஃபும் ஆடுகிறவன். ‘உன் மாப்பிள்ளை ஒரு ரிசார்ட்டில் காசு வாங்கிக்கொண்டு டிஸ்க் வீசக் கற்றுக்கொடுக்கிறார், போன வருடம் பெங்களூரில் பணமும் ஜெயித்திருக்கிறார், அவர் எப்படி அமெச்சூர்?’ என்று வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். 8-ஆவது கூடையில் மாப்பிள்ளையின் டிஸ்க் சில்வர் ஓக் மரத்தில் மாட்டிக்கொண்டதற்கு அபராதம் போடவில்லை என்றும் இப்போது சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே குழுவில்தான் ஆடினார்கள். கப்பைத் திருப்பிக் கேட்டால் தங்கை வீட்டில் சண்டை, கேட்காவிட்டால் நண்பன் போய்விடுவான் போலிருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: கப்பைக் கேட்காதீர்கள். தங்கை வீட்டில் சண்டை வரும் என்பதற்காகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை முறுக்கு எல்லா வீட்டிலும் இருப்பதுதான், இரண்டு பண்டிகை வந்தால் அது சரியாகிவிடும். உங்கள் நோட்டீஸில் ‘அமெச்சூர்’ என்று ஒரு சொல் இருந்ததே தவிர, யார் அமெச்சூர் என்று ஒரு வரிகூட இல்லை என்பதை உங்கள் கடிதத்தை வைத்தே புரிந்துகொள்கிறேன். என்ட்ரி ஃபீஸை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆட விட்டு, ஜெயித்த பிறகு ‘உங்களுக்குத் தகுதி இல்லை’ என்பது, பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு ‘நீங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா’ என்று விசாரிப்பது மாதிரி.

சரி, உங்கள் நண்பர் கேட்டது தப்பான கேள்வியா என்றால் அதுவும் இல்லை. நல்ல கேள்வி, கேட்ட நேரமும் இடமும்தான் தப்பு. ஆனால் அவர் கோல்ஃப் விதியை எடுத்துக்கொண்டு டிஸ்க் கோல்ஃபுக்குள் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் குரூப்பில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான் இருக்கும்.

பந்து கோல்ஃபில் காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தால், சில விலக்குகள் போக, அமெச்சூர் தகுதி போய்விடும். அதே கோல்ஃபில் 2022-லிருந்து, ஹேண்டிகேப் (ஆளின் திறமையைப் பார்த்துக் கொடுக்கிற சலுகை) இல்லாத போட்டிகளில், ஒரு அமெச்சூர் பணப் பரிசே வாங்கிக்கொள்ளலாம், 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் வரைக்கும். டிஸ்க் கோல்ஃபின் உலக அமைப்பான பிடிஜிஏ (1976-இல் எட் ஹெட்ரிக் ஆரம்பித்தது, இப்போது நாம் எல்லோரும் வீசுகிற சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்) இதைக் கிட்டத்தட்டத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே சொல்லிக்கொடுப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நீங்கள் புரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர் பிரிவில் ஆடி, பணத்தைக் கையில் வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி. வாங்கினால் புரோ, அது எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் சரி. ஜெயித்துவிட்டுப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அமெச்சூராகவே இருக்கலாம்.

அப்படியென்றால் ரிசார்ட் வேலை கணக்கில் வராது. பெங்களூர்ப் பணம் வருமா வராதா என்பது அது என்ன பணம் என்பதைப் பொறுத்தது. ஓப்பன் பிரிவில் இடம் பிடித்து வாங்கிய பரிசா, இல்லை ‘யார் கூடைக்கு மிகப் பக்கத்தில் போடுகிறார்’ என்று நடுவில் வைக்கிற பந்தயத்தில் கிடைத்ததா, இல்லை ஒரே வீச்சில் கூடையில் விழுந்ததற்கு எல்லோரும் சேர்த்துப் போட்ட பணமா? கடைசி இரண்டும் என்றால் பிடிஜிஏ கணக்கிலேயே அவர் இன்னும் அமெச்சூர்தான், இந்த மாதிரிப் பக்கவாட்டுப் பந்தயப் பணம் தகுதியைத் தொடுவதில்லை. இதை மாப்பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள், குரூப்பில் வேண்டாம், தங்கை வழியாகவும் வேண்டாம். தங்கையை நடுவில் நிறுத்தினீர்கள் என்றால் கேள்வி போய்ச் சேருவதற்குள் அது குற்றச்சாட்டாக மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் நண்பருக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை புரோ என்றே வைத்துக்கொண்டாலும் பிடிஜிஏ போட்டியில் அவர் அமெச்சூர் பிரிவில் ஆட வழி இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு, போட்டிகளில் ஆடிய சுற்றுகளை வைத்துப் போடுவார்கள், ஆயிரம் என்றால் கைதேர்ந்த ஆள். ஆண்கள் பிரிவில் 970-க்குக் கீழே ரேட்டிங் உள்ள ஒரு புரோ, பெரிய சாம்பியன்ஷிப்கள் தவிர மற்றவற்றில், அமெச்சூரின் மேல்தட்டுப் பிரிவில் ஆடலாம். அதற்குக் கீழே உள்ள பிரிவுகளை 935, 900, 850 என்று எண் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதாவது பணம் வாங்கினவன், வாங்காதவன் என்ற பழைய கோட்டைவிட, எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்ற கோடுதான் அங்கே நிஜமாக வேலை செய்கிறது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட்டில் சம்பளம் வாங்காத ‘ஜென்டில்மேன்’ ஒரு வாசல், சம்பளம் வாங்குகிற ‘பிளேயர்’ இன்னொரு வாசல் என்று வைத்திருந்தார்கள், 1962-இல்தான் அதை ஒழித்தார்கள். ஆட்டத்தால் நாலு காசு பார்க்கிறவன் கொஞ்சம் கீழே என்கிற அந்தப் புத்தியின் மிச்சம் இந்த ‘அமெச்சூர்’ பேச்சில் எல்லா ஊரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிசார்ட் வேலையை உங்கள் நண்பர் இழுத்ததும் எனக்கு அந்த வாடைதான் அடித்தது. தப்பாக இருந்தால் மன்னிக்கட்டும்.

இனி அந்த மரம். சில்வர் ஓக் இல்லாத தேயிலைத் தோட்டம் நீலகிரியில் ஏது, டிஸ்க் அதில் மாட்டத்தான் செய்யும். விதி என்னவென்றால், டிஸ்க் தரைக்கு மேலே தொங்கினால் அதற்கு நேர் கீழே தரையில் குறி வைத்து அங்கிருந்து அடுத்த வீச்சை வீச வேண்டும், அபராதம் கிடையாது. இரண்டு மீட்டருக்கு மேலே மாட்டினால் ஒரு வீச்சு அபராதம் என்று ஒரு விதி இருப்பது உண்மை, உங்கள் நண்பர் அதை எங்கேயோ படித்திருக்கிறார். ஆனால் அது தானாக வராது. போட்டியை நடத்துகிறவர், முழு மைதானத்துக்கோ குறிப்பிட்ட மரங்களுக்கோ அது உண்டு என்று அறிவித்திருந்தால் மட்டும்தான். நீங்கள் அறிவித்தீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்புறம் எப்படி அபராதம்?

அதுவும் போக, இரண்டு பேரும் ஒரே குழு. சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், குழுவில் உள்ளவர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்ய வேண்டும், ஒத்துவராவிட்டால் உங்களிடம் அப்பீல் வந்திருக்க வேண்டும். மரத்தடியில் நின்றுகொண்டு கம்பால் டிஸ்க்கைத் தட்டி இறக்க உதவி செய்துவிட்டு (அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்), தோற்ற பிறகு அபராதம் கேட்பது சரியில்லை. ஆக, அந்த ஒரு வீச்சு வித்தியாசம் அப்படியே நிற்கிறது.

மரத்தைவிட எனக்குக் கவலை உங்கள் தேயிலைதான். எதை ஓபி (எல்லைக்கு வெளியே) என்று வைத்திருக்கிறீர்கள், எதை வைக்கவில்லை என்று ஒன்றுமே எழுதவில்லை. டிஸ்க் செடிக்குள் போனால் ஆள் உள்ளே புகுந்து, செடிக்கு நடுவில் காலை ஊன்றி வீசப் பார்ப்பார், கிளை ஒடியும், கவாத்து செய்து இப்போதுதான் துளிர்க்கிற பாத்தியாக இருந்தால் அந்தச் செடி அவ்வளவுதான். தேயிலை மொத்தத்தையும் ஓபி என்று அறிவித்துவிடுங்கள், ஒரு வீச்சு அபராதம், அடுத்த வீச்சு பாதை ஓரத்தில் நீங்கள் குறித்து வைத்த டிராப் ஜோனிலிருந்து. கயிறு கட்டுங்கள், இல்லையென்றால் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். டிஸ்க் முழுசாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் ஓபி, இந்தப் பக்கம் ஒரு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளேதான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த சண்டை அங்கேதான் வரும். கீழ்நாட்டிலிருந்து ஆட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இந்த உயரத்தில் காற்று மெல்லிசு, டிஸ்க்குக்குத் தூக்கு குறைவு, வலது கைக்காரர் வழக்கமாக வீசினால் ஊரில் வளைவதைவிடச் சீக்கிரமே இடது பக்கம் வளைந்து இறங்கிவிடும். 

கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கிற பாதையை எந்தக் கூடையாவது குறுக்கே வெட்டினால், போட்டியன்று மட்டும் இல்லை, எப்போதுமே அந்தக் கூடையை எடுத்துவிடுங்கள். டிஸ்க் என்பது 170 கிராம் கனத்தில் விளிம்பு கூரான கெட்டி பிளாஸ்டிக். மஞ்சு இறங்கினால் முப்பது அடிக்கு அப்பால் ஆள் நிற்பது தெரியாது, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

நண்பருக்கு என்ன சொல்வது? குரூப்பில் பதில் போடாதீர்கள். நேராகப் போய், கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் என்ன பெரிய தூரம், ‘நீ கேட்டது சரியான கேள்விதான்டா, நான் எழுதி வைக்காதது என் தப்பு, இந்த வருடம் முடிவு இப்படியே இருக்கட்டும், அடுத்த வருடத்து விதியை நீதான் எழுதித் தரணும்’ என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆளும் இல்லாத, அவர் வீட்டு ஆளும் இல்லாத இன்னும் இரண்டு பேரைக் கூடச் சேருங்கள். மாப்பிள்ளை ஆடுகிற பிரிவில் நீங்கள் ஒற்றை ஆளாகத் தீர்ப்பு சொன்னால், அது எவ்வளவு நியாயமான தீர்ப்பாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விதியைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. உங்கள் ஊரில் யாருக்கும் ரேட்டிங் இருக்காது, அதனால் 935, 900 எல்லாம் உதவாது. இந்த வருடம் அமெச்சூரில் முதல் மூன்று இடம் வந்தவர்கள் அடுத்த வருடம் ஓப்பனில்தான் ஆட வேண்டும், வேறு எங்கேயாவது ஓப்பன் பிரிவில் பணப் பரிசு வாங்கியவர்களும் அப்படியே, இவ்வளவு போதும். ‘அமெச்சூர்’ என்ற பெயரையே எடுத்துவிட்டு முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று வைத்தால் இன்னும் நல்லது. அப்படி வைத்தால் மாப்பிள்ளையும் மேலே போவார், ஒரே வீச்சில் தோற்ற உங்கள் நண்பரும் கூடவே மேலே போவார். அவருக்கு அது இப்போது உறைத்திருக்காது, விதியை அவர் கையாலேயே எழுதும்போது உறைக்கும், அப்போது கொஞ்சம் பின்வாங்கப் பார்ப்பார், விடாதீர்கள்.