மலக் கல்சரில் 'வளரவில்லை' என்று வந்தால், பாக்டீரியா காரணமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எட்டு நாளாக வயிற்றுப்போக்கு, நடுவில் இரண்டு முறை ரத்தம். மலக் கல்சர் (மலத்திலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'சால்மோனெல்லா, ஷிகெல்லா வளரவில்லை' என்று வந்திருக்கிறது. அப்படியானால் பாக்டீரியா இல்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி முடிவு கட்ட வேண்டாம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். நோயாளிகள் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் ரிப்போர்ட் இதுதான் என்பது என் எண்ணம். அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கிருமிகளின் பெயரைச் சொல்லி, அவை வளரவில்லை என்கிறது. வீசிய வலையில் அந்த இரண்டும் சிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு வலை வீசினார்களா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏன் தனித்தனி வலை? ஒரு கிராம் மலத்தில் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை குடலில் எப்போதும் குடியிருப்பவை, தீங்கற்றவை. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து நோய்க்கிருமியைப் பிரித்தெடுக்க, மற்றவற்றை அடக்கிவைத்து அதை மட்டும் அடையாளம் காட்டும் வளர்ப்பு ஊடகங்கள் (கிருமி வளர்வதற்காகத் தட்டில் ஊற்றிவைக்கும் சத்துப்பொருள்கள்) தேவை. மாக்கான்கி ஊடகத்தில், குடலில் குடியிருக்கும் சாதாரண ஈ. கோலை பாக்டீரியா இளஞ்சிவப்பாக வளரும்; சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் லாக்டோஸ் சர்க்கரையைப் பொதுவாக நொதிக்கச் செய்யாததால் நிறமின்றி நிற்கும். எக்ஸ்.எல்.டி. ஊடகத்தில் சால்மோனெல்லா சிவப்பு வட்டத்தின் நடுவே கறுப்புப் புள்ளியோடு தெரியும். பழகிய கண்ணுக்கு அது தட்டைத் திறந்ததுமே பிடிபடும்.

கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா இந்தத் தட்டுகளில் சிக்காது. உலகெங்கும் பாக்டீரியா வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஆனால் அதற்கு ஆக்சிஜன் குறைந்த காற்று வேண்டும், ஆன்டிபயாடிக் கலந்த தனி ஊடகம் வேண்டும், வழக்கமான 37 டிகிரிக்குப் பதில் 42 டிகிரி வெப்பம் வேண்டும், குறைந்தது 48 மணி நேரம் வேண்டும். 1977-இல் மார்ட்டின் ஸ்கிர்ரோ என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எளிய வளர்ப்பு முறை ஒன்றை வெளியிட்ட பிறகுதான் சாதாரண ஆய்வகங்கள் இதைப் பரவலாகத் தேடத் தொடங்கின. அதுவரை எத்தனையோ மாதிரிகளில் அது இருந்தும் 'எதுவும் இல்லை' என்றே எழுதப்பட்டிருக்கும். இன்றும் எல்லா ஆய்வகமும் கேட்காமலே இதைத் தேடுவதில்லை. காலராக் கிருமிக்கும் தனி ஊடகம் உண்டு. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஈ. கோலை ஓ157 வகைக்கு, சார்பிட்டால் சேர்த்த மாக்கான்கி ஊடகம் வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் வயிற்றுப்போக்கில் சந்தேகிக்கப்படும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவுக்கு வழக்கமான கல்சரே பயன்படாது. அதன் நச்சுப்பொருளையோ அதற்கான மரபணுவையோ தேட வேண்டும்.

அதனால்தான் பரிசோதனைச் சீட்டில் 'மலக் கல்சர்' என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, சமீபத்தில் பயணம் போனாரா, சரியாக வேகாத கோழியோ பச்சைக் கடல் உணவோ சாப்பிட்டாரா, உடன் சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறதா, என்ன மருந்து எடுத்திருக்கிறார்? இந்த விவரங்களைப் பார்த்துத்தான் எந்தத் தட்டுகளைப் போடுவது என்று ஆய்வகம் தீர்மானிக்கிறது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு: கிருமி இருந்தது, மேசைக்கு வருவதற்குள் செத்துவிட்டது. ஷிகெல்லா உடலுக்குள் நூறுக்கும் குறைவாகப் போனாலே நோய் தரக்கூடியது. ஆனால் டப்பாவில் கிடக்கும் மலத்தில் அமிலம் கூடக் கூட விரைவில் மடிந்துவிடும். எனவே மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாதென்றால் கேரி-பிளேர் என்ற பாதுகாப்பு ஊடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும். முன்கூட்டியே கேட்டால் ஆய்வகம் அந்தக் குப்பியைக் கொடுக்கும். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கிருமிநாசினியோ கலக்கக் கூடாது. சீதமோ ரத்தமோ தெரியும் பகுதியிலிருந்து எடுங்கள், கிருமி கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் அது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுப்பது நல்லது. ஒரே ஒரு வேளை மருந்துகூடக் கல்சரை வெறுமையாக்கிவிடலாம். நீங்கள் ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கிருமியை வளர்க்காமல் அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையில் பல கிருமிகளை ஒரே நேரத்தில் சில மணிகளில் தேடலாம். கேம்பைலோபாக்டர் போன்ற வளர்க்கச் சிரமமானவற்றை அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதைச் சரியாகச் சொல்ல இன்னும் கல்சர்தான் வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தவர் எல்லாரும் கல்சர் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை வைரஸால் வருபவை, சில நாளில் தானாக அடங்கிவிடும். ரத்தம், கடும் காய்ச்சல், ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பது ஆகிய நிலைகளில்தான் பரிசோதனை மிகவும் பயன்படுகிறது. உங்களுக்கு இவற்றில் இரண்டு பொருந்துகின்றன. ஆகவே டாக்டரிடம் திரும்பப் போய், கேம்பைலோபாக்டரும் ஓ157-உம் தேடப்பட்டனவா என்று நேராகவே கேளுங்கள். ஒட்டுண்ணிகளுக்கான பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள், ஜியார்டியாவும் அமீபாவும் கல்சர் தட்டில் வளராதவை.

அதுவரை ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். காரணம் ஓ157 ஆக இருந்தால், சில ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிக்கலுக்கான அபாயத்தைக் கூட்டக்கூடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் ரத்தம் போகும்போது கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடர்ந்து குடியுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, தலைசுற்றலும் அசதியும் மிகுந்தாலோ, ரத்தம் மறுபடி போனாலோ அடுத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.