சப்வூஃபரை அளந்தீங்களா, ரூமை அளந்தீங்களா?

கேள்வி: 12 இன்ச் ஸ்பீக்கர் டிரைவர் வாங்கி, கார்பென்டர்கிட்ட சொல்லி பாக்ஸ் அடிச்சு, முன்னாடி 4 இன்ச் பைப்ல போர்ட் (காத்து வெளிய வர்ற வழி) வச்சு, பேஸ் சத்தத்துக்குன்னு சப்வூஃபர் கட்டியிருக்கேன் சார். செவுத்த ஒட்டி சோஃபாவுல உக்காந்து செல்போன் ஆப்ல அளந்தா 48 ஹெர்ட்ஸ்ல மலை மாதிரி ஏறுது, 30க்கு கீழ ஒண்ணுமே இல்ல. டிரைவர் டூப்ளிகேட்டா? கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இருங்க, முதல்ல டேப்ப எடுத்து ரூம் நீளத்த அளங்க. 12 அடி இருக்கும்னு பந்தயம் கட்றேன். 30 டிகிரி சூட்டுல சத்தம் செகண்டுக்கு சுமார் 349 மீட்டர் ஓடும், 12 அடின்னா 3.66 மீட்டர், 349ஐ அதோட ரெண்டு மடங்கால வகுத்தா கிட்டத்தட்ட 48 வருது பாருங்க, எதிரெதிர் செவுத்துல சத்தம் முட்டித் திரும்பி அந்த ஹெர்ட்ஸ்ல குவியுது, அந்த மலை உங்க செவுரு கட்டினது. நம்பிக்கை இல்லன்னா நீளவாக்குல சரியா நடு ரூம்ல போனை வச்சு திரும்ப அளங்க, மலை படுத்துரும். 30க்கு கீழ காணோம்னா போனைத்தான் முதல்ல சந்தேகப்படணும், அது மைக் பேச்சுக்கு செஞ்சது, பேஸ் சத்தத்த நிறைய போன்ல வெட்டியே விட்டுருவாங்க.

காலிபரேஷன் ஃபைலோட (மைக்கோட தப்ப திருத்துற கணக்கு) வர்ற யுஎஸ்பி மைக் ஒண்ணும், ரூம் ஈக்யூ விசார்டுன்னு இலவச சாஃப்ட்வேரும் போதும். மைக்க கோனுக்கு (டிரைவர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு) நடுவுல, முட்டாம, 1 சென்டிமீட்டர் தள்ளி வைங்க. டான் கீல்ங்கிற அமெரிக்க ஸ்பீக்கர் இன்ஜினியர் 1974-லயே இத கணக்கு போட்டு எழுதிட்டாரு, கோன் ஆரத்துல 0.11 பங்குக்குள்ள மைக் இருந்தா தப்பு 1 டெசிபலுக்குள்ள நிக்கும், 12 இன்ச்சுக்கு அது சுமார் 1.4 சென்டிமீட்டர். அவ்ளோ கிட்ட போனா ரூம் சத்தம் எடுபடாது. வால்யூம் மட்டும் கம்மியா வைங்க, இல்லன்னா மைக் திணறி கிராஃபே பொய் சொல்லும்.

இப்ப ஒரு இடத்துல கோன் கிராஃப் குழில விழுந்த மாதிரி இறங்கும், பதறாதீங்க, அதான் உங்க போர்ட் ட்யூனிங், அதாவது பைப்புல காத்து நல்லா அதிர்ற ஹெர்ட்ஸ். அங்க கோன் ஆடவே ஆடாது, விரல வச்சுப் பார்த்தாலே தெரியும், காத்து பூரா பைப் வழியா வந்துட்டிருக்கும். அதனால மைக்க பைப் வாய்க்கு நேரா வச்சு தனியா ஒரு ஸ்வீப் (கீழ் ஹெர்ட்ஸ்ல இருந்து மேல ஏறிப் போற டெஸ்ட் சத்தம்) எடுக்கணும், லெவல் எதையும் தொடாம. பைப் வாய் சின்னது, கோன் பெருசு, அதனால போர்ட் கிராஃப சுமார் 8 டெசிபல் இறக்கிட்டு, அப்புறம் ரெண்டையும் ஃபேஸோட, அதாவது ரெண்டு அலையும் ஒண்ணா ஏறுதா எதிரா போகுதான்னு பார்த்து, சேர்த்து கூட்டணும் (முக்காவாசி பேர் கோட்டை விடுறது இங்கதான், டெசிபல அப்படியே கூட்டிடுவாங்க). 50 ஹெர்ட்ஸ்ல ஊசி மாதிரி நின்னா அது கரண்ட் ஹம்மா இருக்கும், சத்தம் போடாம ஒருவாட்டி அளந்து பாருங்க.

சரிபார்க்கணும்னா வெட்டவெளியில பாக்ஸ தரையில வச்சு, மைக்கையும் 2 மீட்டர் தள்ளி தரையிலயே படுக்க வச்சு அளக்கலாம். அதுக்குன்னு சில்வர் பீச்சுக்கு தூக்கிட்டு போயிடாதீங்க, அலையும் காத்தும்தான் பதிவாகும், நான் போய் ஏமாந்தவன். விடியக்காலம் காலியான மைதானம்தான் தோது.

இவ்ளோ பண்ணியும் கிராஃப் படுத்தே கிடந்தா, அப்ப கடைக்குப் போங்க, லேப்டாப்போட.

கேள்வி: போர்ட் இல்லாத சீல்டு பாக்ஸுக்கும் இதேதானா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அதேதாங்க, பைப்ப அளக்குற வேலை மட்டும் கிடையாது.