அப்பாவின் டிரங்குப் பெட்டியை முதலில் திறங்கள்

பேரையூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா பீரங்கிப் படையில் 17 வருடம் இருந்து நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். போன மாதம் 71 வயதில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு என்ன கிடைக்கும், யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஊரில் ஒருவர் இருபதாயிரம் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறாராம். ஏழு வருடத்திலேயே ராணுவத்தை விட்டு வந்த சித்தப்பாவுக்கு இப்போது 68 வயது, பென்ஷன் கிடையாது. அவருக்கு ஏதாவது உண்டா, பேரனின் கல்லூரிப் படிப்புக்கு உதவி கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

புரோக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த வேலைக்கென்றே மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே விண்ணப்பம் கொடுக்கவோ மேலே அனுப்பவோ கட்டணம் கிடையாது. இருபதாயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது அவசரம். அப்பாவின் ஏ.டி.எம். கார்டை யாரும் தொட வேண்டாம். இறந்த தகவல் போய்ச் சேரும் வரை அவர் பென்ஷன் கணக்கில் வந்துகொண்டேதான் இருக்கும். காரியச் செலவுக்கு என்று எடுத்துவிடுவார்கள், பிறகு அம்மாவின் பென்ஷனிலிருந்து அதைப் பிடிப்பார்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் தகவல் பதிந்துவிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள்.

இனி டிரங்குப் பெட்டி. மூன்று காகிதங்களைத் தேடுங்கள்: படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. மூன்றிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்துக்கு ஏழு வீட்டில் வேலை நிற்பது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். கல்யாண லீவு முடிந்து வந்த ஜவான் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். "பொண்டாட்டி பேரு?" "ராக்கு சார்." "முழுப் பேரு?" கொஞ்சம் யோசித்து, "ராக்கம்மாள்" என்பார். வயது கேட்டால் ஒரு குத்துமதிப்பு. அதுதான் வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் 2 ஆர்டரில் ஏறி, படைப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், பி.பி.ஓ.விலும் ஏறி, நாற்பது வருடம் கழித்து உங்கள் முன்னால் வந்து நிற்கும். ஆதாரிலோ வெறும் 'ராக்கு'. நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை. இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் கணவர் பெயராகவே விரிந்திருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தால் குடும்ப பென்ஷன் அதிகம் இழுக்காது. மாறியிருந்தால் எதைத் திருத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக் மூன்றும் பி.பி.ஓ.வோடு ஒத்துப்போனால் ஆதாரைத் திருத்துவதே சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு அதை வீணாக்காதீர்கள். ராணுவப் பதிவில்தான் தப்பு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று பிரமாணப் பத்திரம் எடுத்து, நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். பீரங்கிப் படைக்கு அது நாசிக் ரோடில் இருக்கிறது. (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.) அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் அப்பாவின் படை எண்ணை எழுதுங்கள். அங்கே ஆளை எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

தொகையைப் பொறுத்தவரை சாதாரணக் குடும்ப பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. ஓய்வுக்குப் பிறகு இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஏழு வருடம் வரை 50 சதவீதம் என்று ஒரு கூடுதல் விகிதம் உண்டு. ஆனால் இறந்தவருக்கு 67 வயதாகும் தேதியோடு அது நின்றுவிடும். அப்பா 71ல் இறந்ததால் உங்களுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்கு 80 வயது நிறைந்ததும் 20 சதவீதம் கூடும். அன்றைக்கும் இந்தப் பிறந்த தேதியைத்தான் பார்ப்பார்கள்.

மருத்துவத்துக்கு, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. மதுரையிலேயே அதன் பாலிகிளினிக் இருக்கிறது. அப்பா சேர்ந்திருந்தால் அம்மா பெயரிலும் கார்டு இருக்கும். இப்போது அம்மாவையே முதன்மை உறுப்பினராக மாற்றச் சொல்லுங்கள். சாதாரண நாளில் பாலிகிளினிக் ரெஃபரல் இல்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போனால் பில் உங்கள் தலையில் விழும். நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குச் சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பா விஷயத்தில் நல்ல செய்தி. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, ஹவில்தார் பதவி வரை இருந்த முன்னாள் வீரர்களுக்கு, அவர்கள் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது. முன்பு மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000. விண்ணப்பம் ஆன்லைனில், சரிபார்ப்பது நம் மாவட்ட அலுவலகம். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கையும் தேடச் சொல்லுங்கள். ஏழு வருடம்தானே என்று நம் ஊர்ப் பக்கத்தில் பலர் அதைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேரனுக்குக் கிடைக்காது. அந்தக் கல்வி உதவி முன்னாள் வீரரின் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான், பேரப்பிள்ளைகளுக்கு அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவரைப் பிரிந்து வந்த அக்கா வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவின் காலத்துக்குப் பிறகு, வருமான வரம்புக்குள் இருந்தால், விவாகரத்தான மகளுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து வழக்கு கோர்ட்டில் பதிவாகியிருக்க வேண்டும். "பேசித் தீர்த்துக்கிட்டோம்" என்ற பஞ்சாயத்துப் பேச்சு இங்கே செல்லாது. அம்மா இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், பென்ஷன் வர ஆரம்பித்ததும் வருடம் ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். பருத்தி எடுத்தே தேய்ந்த விரல்களை ரேகைக் கருவி பல நேரம் ஏற்காது. பாவம், அம்மாவை நாலு தடவை அலைய வைக்காதீர்கள். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம். வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொன்னால் போதும்.