வீட்டு சர்வருக்கு எந்தப் பதிப்பு?

கேள்வி: பழைய கணினி ஒன்றில், குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைக்க சர்வர் அமைக்கிறேன். உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு நல்லதா, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு நல்லதா?

பதில்: நீண்டகால ஆதரவுப் பதிப்பையே நிறுவுங்கள். 2024 ஏப்ரலில் வெளியான 24.04 பதிப்புக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதங்களே ஆதரவு என்பதால், அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் 9 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழு இயங்குதளத்தையும் மேம்படுத்தியே ஆக வேண்டும். மூலையில் வைத்துவிட்டு மறந்துபோகும் இயந்திரத்துக்கு இது வீண் வேலை.

நீண்டகால ஆதரவுப் பதிப்பில் உள்ள மென்பொருள்களின் பதிப்பு எண் பழையதாக இருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். உபுண்டுவிலும், அதற்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்திலும், புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்ட பாதுகாப்புக் குறையின் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுவது வழக்கம். ஆகவே எண் மாறாவிட்டாலும் ஓட்டை அடைபட்டிருக்கும்.

அண்மையில் சந்தைக்கு வந்த நெட்வொர்க் அட்டையோ கிராபிக்ஸ் சிப்போ இருந்தால்தான் புதிய கெர்னல் (வன்பொருளை இயக்கும் இயங்குதள மையப்பகுதி) தேவைப்படும். அப்போதும் அதே நீண்டகாலப் பதிப்பில் கெர்னலை மட்டும் புதுப்பிக்க வழியுண்டு. உங்கள் கணினி பழையது என்பதால் அந்தக் கேள்வியே எழாது. புகைப்படச் செயலி மட்டும் புதிதாக வேண்டுமெனில், அதை டாக்கர் கன்டெய்னரில், அதாவது செயலியை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனிப்பெட்டி போல வைத்து இயக்கும் வசதியில், இயக்குங்கள். அடித்தளம் அசையாமல் இருக்கும். எந்தப் பதிப்பாயினும், படங்களின் இன்னொரு பிரதி வேறொரு வட்டில் இருக்கட்டும்.